எந்த புரோக்கர் நல்ல புரோக்கர்?

"சார், ஷேர் வாங்க எந்த புரோக்கர்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணலாம்?"

போன மாதம் மட்டும் ஐந்து பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். ஒருவர் கப்பலில் வேலை பார்ப்பவர். ஒருவர் அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இன்னொருவர் எங்கள் தெருவிலேயே இருப்பவர், ரிட்டையர்மெண்ட் பணம் வரப்போகிறது. ஐந்தாவது ஆள் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பெரியப்பா பேரன். வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேருமே பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். "அந்தக் கம்பெனியில புரோக்கரேஜே கிடையாதாமே?"

கிளையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வதென்றால், "எங்க பேங்க் டிமேட் அக்கவுண்டே எடுத்துக்கோங்க" என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கும் டார்கெட் உண்டு :-) இது மரைன் ஹில்லில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவது. அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன். யார் பெயரையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து இருக்கிறது.

என் கட்சி இதுதான்: புரோக்கரேஜ் எவ்வளவு என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, நான் வாங்கிய பங்கு யார் பெயரில், எங்கே இருக்கிறது? என் பணம் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்காமல் இவை இரண்டையும் யாராவது நகர்த்த முடியுமா? இவ்வளவுதான்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆன்லைன் புரோக்கர் என்பதே இங்கே ஐந்தாறு வருடக் கதை. நான் முதல் முறை மாற்றலாகி வந்தது 2012-ல். அப்போது போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், என் வாய் இன்னும் பழகவில்லை) இண்டர்நெட் என்பது முழுக்க செயற்கைக்கோள் தயவு. நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி 36,000 கிலோமீட்டர் மேலே போய், கீழே இறங்கி, பதில் அதே மாதிரி ஏறி இறங்கி வர வேண்டும். கொஞ்சம் மழை பிடித்தால் அதுவும் கிடையாது. இங்கே மழைக்கா பஞ்சம்? ஒரு வலைப்பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நிலைமையில் யார் ஆன்லைனில் பங்கு வாங்குவார்கள்? சென்னையில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டு, "ரெண்டு லாட் வாங்கிப் போடு மாப்ள" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி திறந்தார்கள். கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் அது போகிறது. இரண்டாவது முறை நான் இங்கே வந்தபோது பார்த்த ஊரே வேறு. 2011 சென்சஸ்படி தீவுகளின் மூன்று லட்சத்து எண்பதாயிரம் ஜனத்தொகையில் தமிழ் பேசுபவர்கள் கிட்டத்தட்ட 57,500 பேர். அவர்களில் பாதி வீட்டிலாவது இன்று ஏதோ ஒரு பங்குச்சந்தை ஆப் இருக்கும் என்பது என் ஊகம். ஆதார், பான் கார்டு, ஒரு செல்ஃபி, பத்து நிமிடம், கணக்கு ரெடி.

வேகமாகக் கணக்கு திறக்க முடிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேபிள் வருவதற்குச் சுமார் ஒன்பது மாதம் முன்னால் ஒரு சம்பவம் நடந்தது. நெட் இல்லாத காலம் என்பதால் இங்கே பலருக்கு அந்தக் கதை தெரியாது. கார்வி கதை.

ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி ஸ்டாக் புரோக்கிங் அந்தக் காலத்தில் சின்ன புரோக்கர் அல்ல. சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் கிளை. ஆடிட்டர்கள் ஆரம்பித்த கம்பெனி. யாரைக் கேட்டாலும் "கார்வியா, தாராளமா எடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2019 நவம்பர் 22-ம் தேதி செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது: புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது, ஏற்கெனவே வாங்கிய பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தக் கூடாது. என்ன நடந்திருந்தது தெரியுமா? சுமார் 95,000 வாடிக்கையாளர்களின் பங்குகள், மதிப்பு ஏறத்தாழ 2,300 கோடி ரூபாய், அவர்களுக்கே தெரியாமல் அடமானத்தில் இருந்தன.

இது எப்படி முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை. ஹேக்கிங் கிடையாது. கணக்கு திறக்கும்போது புரோக்கர் நீட்டும் காகிதக் கட்டில் இருபது முப்பது இடத்தில் கையெழுத்துப் போடுவோம் இல்லையா, அதில் ஒன்று பவர் ஆஃப் அட்டர்னி. நீங்கள் பங்கை விற்றால், அதை உங்கள் டிமேட் கணக்கிலிருந்து எடுத்துச் சந்தைக்குக் கொடுக்கத்தான் அந்த அதிகாரம். அதை வைத்து, முழுப் பணமும் கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் பங்குகளைத் தன் பெயரில் இருந்த ஒரு டிமேட் கணக்குக்கு மாற்றி, அதை வங்கிகளிலும் நிதி நிறுவனத்திலும் அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். சுமார் 1,096 கோடி ரூபாய் அதே குழுமத்தின் ரியல் எஸ்டேட் கம்பெனிக்குப் போயிருந்ததாக என்எஸ்இ-யின் முதற்கட்ட அறிக்கை சொன்னது.

டிசம்பர் முதல் வாரத்தில் சுமார் 83,000 பேருக்குப் பங்குகள் திரும்பி வந்தன. அதாவது 2019-லேயே பெரும்பாலானோர் தப்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் அலைந்தார்கள். கடன் கொடுத்த வங்கிகள், "எங்களிடம் அடமானம் வைத்ததை எங்களைக் கேட்காமல் எப்படித் திருப்பலாம்" என்று தீர்ப்பாயத்துக்குப் போயின. (நானும் வங்கிக்காரன்தான். அடமானம் வாங்கும்போது அந்தப் பங்கு உண்மையில் யாருடையது என்று கேட்டிருக்க வேண்டியது யார் என்று என் தொழிலைப் பார்த்தும் கேட்கத் தோன்றுகிறது.) 2023 ஏப்ரலில் கார்விக்கும் அதன் தலைவருக்கும் ஏழு வருடத் தடை, இருவருக்கும் சேர்த்து 21 கோடி ரூபாய் அபராதம் என்று செபி இறுதி உத்தரவு போட்டது.

கார்வி வாடிக்கையாளர்கள் கணக்கு திறந்தபோது என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "புரோக்கரேஜ் எவ்வளவு?"

நல்ல வேளையாக, அதற்குப் பிறகு விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. 2020 செப்டம்பரிலிருந்து பங்கை அடமானம் வைத்தாலும் அது உங்கள் டிமேட் கணக்கிலேயேதான் இருக்கும். நீங்கள் ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்டால்தான் அடமானமே விழும். 2022 நவம்பரிலிருந்து புதுக் கணக்குகளுக்கு அந்தப் பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரம் வந்துவிட்டது. விற்ற பங்கைக் கொடுப்பது, அடமானம் என்று சில வேலைகளுக்கு மட்டும்தான் அது செல்லும். முக்கியமாக, அது கட்டாயம் இல்லை. கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை விற்கும்போதும் டி-பின், ஓடிபி என்று நீங்களே அனுமதி கொடுக்க வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை விற்பவர்கள் டிடிபிஐ கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அரை நிமிடச் சிரமம், அவ்வளவுதான். கப்பல்காரத் தம்பி, "அண்ணே, நடுக்கடல்ல ஓடிபி வராதே" என்றார். நடுக்கடலில் ஓடிபி வராது என்றால் ஆர்டரும் போகாது தம்பி, அப்புறம் எதற்கு டிடிபிஐ? :-)

இன்னொரு காரியம், இதை இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் பங்கு புரோக்கரிடம் இல்லை. சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில், உங்கள் பெயரில் இருக்கிறது. 1996-ல் வந்த டெபாசிட்டரி சட்டம் நமக்குக் கொடுத்த பெரிய பாதுகாப்பு இது. ஆனால் நம்மில் எத்தனை பேர் புரோக்கர் ஆப்பைத் தவிர வேறெங்கும் போய்ப் பார்த்திருக்கிறோம்? புரோக்கர் ஆப்பில் தெரிவது புரோக்கர் காட்டும் கணக்கு. சிடிஎஸ்எல்லில் 'ஈஸி' என்றும் என்எஸ்டிஎல்லில் 'ஐடியாஸ்' என்றும் நேரடி வசதி இருக்கிறது. அங்கே லாகின் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்புக்கையும் லெட்ஜரையும் ஒப்பிடுகிற வேலைதான். டெபாசிட்டரியிலிருந்து மாதாமாதம் மெயிலில் வரும் அறிக்கையைத் திறக்காமலே அழிக்கிறவர்களை எனக்குத் தெரியும். டெபாசிட்டரியில் உங்கள் மொபைல் நம்பர் சரியாக இருக்கிறதா, அல்லது கணக்கு திறந்து கொடுத்த ஏஜெண்டின் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இரண்டு பேர் விஷயத்தில் ஏஜெண்ட் நம்பர்தான் இருந்தது.

அடுத்தது பணம். பங்குக்கு இருக்கும் பாதுகாப்பு, புரோக்கரிடம் அனுப்பி வைத்த ரொக்கத்துக்குக் கிடையாது. "அக்கவுண்ட்ல ஒரு ரெண்டு லட்சம் போட்டு வச்சிருக்கேன் சார், மார்க்கெட் இறங்கினா டக்குனு வாங்கலாம்ல" என்றார் டீச்சர். அந்த இரண்டு லட்சத்துக்கு வட்டி ஒரு பைசா வராது. சும்மா கிடக்கும் பணத்தை மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நாள் வரைக்கும் ஏன் அங்கே கிடக்க வேண்டும்? வாங்கும் அன்று அனுப்புங்கள், விற்றால் எடுத்துவிடுங்கள். யுபிஐ மூலம் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலேயே பிளாக் செய்து வைக்கும் வசதியும் வந்திருக்கிறது. அந்த வசதி கொடுக்கும் புரோக்கருக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

வங்கிகள் கொடுக்கும் மூன்று-ஒன்று கணக்கில் (சேமிப்புக் கணக்கு, டிமேட், டிரேடிங் மூன்றும் ஒரே இடத்தில்) இந்த நன்மை ஆரம்பத்திலிருந்தே உண்டு. பணம் கடைசி நிமிடம் வரை சேமிப்புக் கணக்கில் இருக்கும். ஆனால் கட்டணம் அதிகம். எவ்வளவு அதிகம்? கணக்கே போட்டுவிடலாம். மாதம் 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி வைக்கிறவர் என்று வையுங்கள். அரை சதவீதம் வாங்கும் இடத்தில் மாதம் 50 ரூபாய், வருடத்துக்கு 600, ஜிஎஸ்டி தனி. டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் இது பூஜ்ஜியமாகவோ ஆர்டருக்கு 20 ரூபாய்க்குள்ளோ முடியும். பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதமும் முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதமும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஆக வித்தியாசம் வருடத்துக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய். அது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு கிலோ நல்ல சுறா வாங்கலாம். ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் யாரிடம் போகிறது என்பதைத் தீர்மானிக்கிற விஷயமா அது?

வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு டிமேட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 'அடிப்படைச் சேவைக் கணக்கு' என்று உண்டு. 2024 செப்டம்பரிலிருந்து, 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை கட்டணமே இல்லை. 4 முதல் 10 லட்சம் வரை வருடம் 100 ரூபாய். புரோக்கர்கள் தாங்களாக முன்வந்து இதைச் சொல்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, இலவசமாகப் பங்கு வாங்கிக் கொடுக்கும் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி எஃப் அண்ட் ஓ எனப்படும் வாய்தா வியாபாரத்திலிருந்து. வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவரால் அவர்களுக்கு லாபம் இல்லை. தினமும் பத்து ஆர்டர் போடுபவரால்தான் லாபம். ஆப்பைத் திறந்ததும் என்ன கண்ணில் படுகிறது என்று பாருங்கள், புரியும். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்தில் நம் தீவுப் பணமும் இருக்கிறது. மகன் கையில் போனைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எங்கள் கிளைக்கு வந்து ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துக்கொண்டு போன ஒரு தகப்பனாரின் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முப்பது வருடம் மேஸ்திரி வேலை பார்த்துச் சேர்த்த பணம். காரணம் கேட்டால் "வீட்டுச் செலவு சார்" என்றார். கணக்கைப் பார்த்தால் எல்லாம் புரோக்கருக்குப் போயிருக்கிறது.

அதனால் கணக்கு திறக்கும்போது எஃப் அண்ட் ஓ கட்டத்தில் டிக் போடாதீர்கள். வருமானச் சான்று கேட்டால் அது அதற்காகத்தான். தர வேண்டியதில்லை. (அரசு வங்கி அதிகாரிகளுக்கு நடத்தை விதியிலேயே இருக்கிறது, முதலீடு செய்யலாம், ஊக வணிகம் கூடாது. மனைவிக்கு இது ரொம்பப் பிடித்த விதி.)

ரிட்டையர் ஆகப் போகிறவர் இன்னொன்று கேட்டார். "கேபிள் போச்சுன்னா என்ன சார் பண்றது?" நியாயமான கேள்வி. தீவுகளுக்குச் சென்னையிலிருந்து வரும் பாதை அந்தக் கேபிள்தான். ஆனால் இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் என்எஸ்இ-யே மதியத்துக்கு முன்னால் நின்றுபோய், மாலை 3:45-க்குத்தான் திரும்பத் திறந்தது. அன்றைக்கு அடிபட்டவர்கள் அன்றே வாங்கி அன்றே விற்க இருந்தவர்கள். வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது இன்னொரு புதன்கிழமை. போனில் ஆர்டர் எடுக்கும் வசதி இருக்கிறதா, அந்த நம்பரில் மனிதர் பேசுகிறாரா என்று கணக்கு திறப்பதற்கு முன்பே ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். தமிழில் பேச ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. சொத்தையான புரோக்கர்கள் பாதிப் பேர் இந்த ஒரு போனிலேயே கழிந்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய அபாயம், புரோக்கரே இல்லாத புரோக்கர். போன வருடம் ஒரு அம்மா நான்கு லட்சம் ரூபாய் அனுப்ப ஆர்டிஜிஎஸ் படிவத்தோடு வந்தார். "ஷேர் கம்பெனிக்கு" என்றார். பெறுபவர் பெயரில் இருந்தது ஏதோ ஒரு தனிநபரின் பெயர், சேமிப்புக் கணக்கு. வாட்ஸப் குரூப்பில் சேர்த்து, ஒரு ஆப்பைப் போட வைத்து, அதில் லாபம் ஏறுவது போலக் காட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரம் பேசித்தான் அந்தப் படிவத்தைக் கிழிக்க வைத்தேன். அந்த அம்மாவுக்கு அன்று என் மேல் கோபம்தான். செபியில் பதிவு பெற்ற எந்த புரோக்கரும் தனிநபரின் சேமிப்புக் கணக்கில் பணம் வாங்க மாட்டார். 2025 அக்டோபரிலிருந்து பதிவு பெற்றவர்களின் யுபிஐ முகவரியில் '@வேலிட்' என்ற சொல் வரும். 'செபி செக்' என்ற வசதியில் வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனிப் பையன் கதைக்கு வருகிறேன். ஐரோப்பாவில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது உதவும். அங்கே ஒரு ஆன்லைன் புரோக்கரிடம் பங்கு வாங்கினால், பெரும்பாலும் அது நம் ஊர் டிமேட் போல உங்கள் பெயரிலேயே டெபாசிட்டரியில் உட்காராது. புரோக்கரோ அவருடைய பாதுகாவல் வங்கியோ எல்லா வாடிக்கையாளர் பங்குகளையும் மொத்தமாக வைத்திருக்கும், உங்கள் பங்கு எவ்வளவு என்பது அவர்கள் ஏட்டில் இருக்கும். சட்டப்படி அது புரோக்கரின் சொத்தோடு சேராது. ஆனால் ஏட்டில் இருப்பது பெட்டியில் இல்லை என்றால்? அப்போதுதான் ஈட்டுத் திட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997-ல் வந்த நெறிமுறைப்படி குறைந்தபட்சம் 20,000 யூரோ வரை பாதுகாப்பு. ஜெர்மனியில் இழப்பில் 90 சதவீதம், அதிகபட்சம் அந்த 20,000. பிரிட்டனில் 85,000 பவுண்ட். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்த புரோக்கர் எந்த நாட்டுத் திட்டத்தின் கீழ் வருகிறார் என்பது. என் பங்கை வேறு ஒருவருக்கு இரவல் கொடுக்க ஒப்பந்தத்தில் சம்மதம் கேட்டிருக்கிறார்களா என்பதும்.

அங்கேயும் 'இலவசம்' உண்டு. உங்கள் ஆர்டரை ஒரு குறிப்பிட்ட வியாபாரியிடம் அனுப்பி, அவரிடம் புரோக்கர் காசு வாங்கிக்கொள்வார். இந்தப் பழக்கத்தை 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுத் தடுத்தது. ஏற்கெனவே அதை நடத்திவந்த நாடுகளுக்கு 2026 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது.

பேசிக்கொண்டிருக்கும்போது பையன் இன்னொரு விஷயத்தையும் போகிற போக்கில் சொன்னான். சென்னையில் காலேஜ் படிக்கும்போது திறந்த டிமேட் கணக்கு அப்படியே இருக்கிறதாம், அவன் அப்பா அவ்வப்போது அவன் லாகினில் போய்ப் பங்கு வாங்குகிறாராம். அவன் வெளிநாடு போய் நாலு வருடம் ஆகிறது. வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு பழைய உள்நாட்டுக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும், டிமேட்டையும் அதே போல மாற்ற வேண்டும், புரோக்கருக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்பாவானாலும் லாகினை வாங்கி ஆர்டர் போடுவது முறையல்ல. இதைச் சொன்னதும் பெரியப்பா மகனுக்கு முகம் சுண்டிவிட்டது, "அவன் பணத்தை நானா தின்னேன்" என்று இரண்டு நாள் பேசவில்லை. பொங்கலுக்குப் பையன் சென்னை வருகிறான். பாஸ்போர்ட், விசா, ஜெர்மனி விலாசச் சான்று மூன்றின் நகலும் எடுத்துக்கொண்டு, வங்கிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நாமினி படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடச் சொன்னேன், அந்த இடம் காலியாகவே இருக்கிறதாம்.